ஓட்டமும் ஓய்வும்: இடைவேளைப் பயிற்சியின் வரலாறு

ஏதென்ஸ் நகரினின்றும் எலூசிஸ் என்னும் ஊருக்குச் செல்லும் பெருவழியின் ஓரத்தே மல்லன் ஒருவனின் கல்லறை இருந்ததென்று பிலோஸ்திராத்தஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதிவைத்துள்ளார். அவர் கி. பி. 3ஆம் நூற்றாண்டினர், உடற்பயிற்சிக் கலைபற்றி அவர் இயற்றிய நூல் இன்றும் எமக்குக் கிடைக்கின்றது. அம்மல்லனின் பெயர் கெரேனஸ். ஒலிம்பியாவிலே வாகை சூடிய அவன், வெற்றி பெற்ற சின்னாட்களுள் நண்பரோடு விருந்தயர்ந்து, பழக்கமில்லா உணவுண்டு, குடித்து, உறக்கமின்றி இரவைக் கழித்தான். மறுநாட் பயிற்சிக் களத்துக்கு வந்தபோது தன் உடல் நலமாயில்லை என்பதைப் பயிற்றுநனிடம் ஒளியாது கூறினான். பயிற்றுநனோ சினங்கொண்டான். நான்கு நாட் பயிற்சி ஒழுங்கு குலைந்துவிட்டதே என்பதுதான் அவன் சினத்துக்குக் காரணம். உடல்நிலையைச் சிறிதும் நோக்காது அவன் செய்வித்த பயிற்சியே அம்மல்லனின் உயிரைக் குடித்தது.

அந்த நான்கு நாள் ஒழுங்கு யாது? முதல்நாள் ஆயத்த நாள்; குறுகிய விரைந்த அசைவுகளால் உடலை எழுப்புவது. இரண்டாம் நாள் வீரனின் வலிமை முழுவதையும் சோதிக்கும் கடும் பயிற்சி நாள். மூன்றாம் நாள் தளர்வுக்குரியது. நான்காம் நாள் நடுத்தரப் பயிற்சி. இவ்வாறு நான்கு நாளுக்கொருமுறை, அதாவது ஏழு நாளுள் ஏறக்குறைய இரண்டு நாள், கடும் பயிற்சி அமையும்படி கிரேக்கப் பயிற்றுநர் வகுத்திருந்தனர். இன்றைய உடற்றொழிலியலார் பலர் கூறும் கணக்கிலிருந்து இது வெகுதூரம் விலகியதன்று. பிலோஸ்திராத்தஸ் வெறுத்தது, ஆளைப் பாராது அட்டவணையைப் பார்க்கும் மனப்பான்மையையே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே இனி வருவனவற்றை நோக்குதல் வேண்டும்.

தீவிர இடைவேளைப் பயிற்சி என இக்காலத்தார் வழங்கும் முறையை எம் மாணவர் பலர் அறிவர். சிறிது நேரம் மிக விரைவாக ஓடி, சிறிது நேரம் இளைப்பாறி, மீண்டும் ஓடி, மீண்டும் இளைப்பாறுவதே அதன் வடிவம். ஓட்டத்துக்குப் பதிலாகத் துவிச்சக்கர வண்டி மிதிக்கலாம், நீந்தலாம், படியேறலாம். இதனை வாரத்தில் எத்தனை நாட் செய்வது என்னும் வினா முதலாந் தவணையில், இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்குங் காலத்திலே, ஆண்டுதோறும் எழுகின்றது. விடையாக ஓர் எண்ணைச் சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அவ்வெண்ணை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதை அறியாதவன், தன் ஆர்வம் மிகும்போது அதனைக் கைவிட்டு விடுவான்.

இப்பயிற்சியில் ஓய்வு இருவகைப்படும். ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையே உள்ளது ஒன்று; அதனைச் சிற்றிடைவேளை எனலாம். ஒரு கடும் பயிற்சி நாளுக்கும் அடுத்த கடும் பயிற்சி நாளுக்கும் இடையே உள்ளது மற்றையது. அதனைப் பேரிடைவேளை எனலாம். சிற்றிடைவேளையை 1930களிலேயே மணிக்கூடு கொண்டு அளந்துவிட்டனர். பேரிடைவேளையை அவ்வாறு அளப்பதற்கு மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அதுவரை அதனை ஓட்டவீரர் தம் உடலைக்கொண்டே அளந்தனர்.

சிற்றிடைவேளையை அளந்தவர் செருமனியிலே வாழ்ந்த இருவர்: பயிற்றுநராகிய வொல்டெமார் கெர்ஷ்லர், இதய மருத்துவராகிய ஹான்ஸ் றைண்டெல். ஓடுபவனின் இதயம் நிமிடத்துக்கு 180 முறை அளவில் துடிக்கும்வரை ஓட்டம். பின்னர் மெல்ல நடந்து இளைப்பாறல். துடிப்பு 90 செக்கனுக்குள் 120 அல்லது 125 அளவுக்கு இறங்கினால் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கலாம். இறங்காவிடின் ஓட்டம் மிகக் கடிதாயிற்று என்றோ, அன்றைய பயிற்சி போதுமாயிற்று என்றோ கொள்ளல் வேண்டும். இதயம் விரிந்து வலுப்பெறுவது அந்த இளைப்பாறலின்போதே என்பது அவர்களது கொள்கை. அதனாலேயே இம்முறை தன் பெயரை ஓட்டத்தினின்றும் பெறாது இடைவேளையினின்றும் பெற்றது. அவர்கள் தந்த விளக்கத்தைப் பிற்கால உடற்றொழிலியலார் முற்றாக ஏற்கவில்லை. எனினும் அவர்கள் வகுத்த அளவுகோல் நின்று நிலைத்தது.

கெர்ஷ்லரிடம் பயின்ற றூடொல்ப் ஹார்பிக் 1939ஆம் ஆண்டு யூலை 15ஆந் தேதி இத்தாலியின் மிலான் நகரிலே 800 மீற்றர் ஓட்டத்தை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடிமுடித்தார். அதற்கு முந்திய உலக சாதனையினும் அது 1.8 செக்கன் விரைவானது. பதினாறு ஆண்டுகள், 1955 வரை, அதனை எவரும் முறியடிக்கவில்லை. ஹார்பிக்கோ 1944இற் போர்க்களத்தில் மாண்டார். போருக்குப் பின்னர் 1952இல் ஹெல்சிங்கியில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியில், லக்சம்பேர்க் என்னும் மிகச்சிறிய நாட்டைச் சேர்ந்த ஜோசி பார்தெல் 1500 மீற்றரில் எவரும் எதிர்பாராத வகையில் முதலிடம் பெற்றபோது, அவருக்குப் பின்னாலும் கெர்ஷ்லர் இருந்தார்.

ஆயினும் ஹெல்சிங்கி என்றதும் உலகம் நினைப்பது வேறொருவரை. செக்கோசிலோவாக்கிய நாட்டவரான எமில் சற்றோபெக் அங்கே எட்டு நாளுக்குள் 10,000 மீற்றர், 5,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் வென்றார். மரதன் ஓட்டத்தை அவர் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஓடியது அன்றுதான். (அதே போட்டியில் உயரம் பாய்தலிற் கலந்துகொண்ட இலங்கையருள் ஒருவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்பதும், அவர் 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியிலே தங்கம் வென்றார் என்பதும் எம்மவர் மறத்தற்குரியன அல்ல.) சற்றோபெக் இளமையிலே சிலின் நகரத்துப் பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர் பயிற்சி நெடுங்காலம் ஐந்து முறை 200 மீற்றர், இருபது முறை 400 மீற்றர், மீண்டும் ஐந்து முறை 200 மீற்றர் என்னும் வகையில் அமைந்தது. பின்னர் 400 மீற்றர் ஓட்டங்கள் நாற்பதுக்கு உயர்ந்தன. நாற்பது என்றால் 16 கிலோமீற்றர். இளைப்பாறும் ஓட்டம் இதிற் சேராது. இதனை அவர் நாள்தோறும் செய்தார்.

இங்கேதான் வரலாறு ஒரு பிழையான பாடத்தைப் புகட்டியது. சற்றோபெக் நாள்தோறும் செய்தார். எனவே நாமும் நாள்தோறும் செய்தல் வேண்டும் எனப் பல நாட்டு வீரரும் பயிற்றுநரும் கருதினர். அவர் ஓடிய 400 மீற்றர்கள் யாவும் முழு வேகத்தில் ஓடப்பட்டனவல்ல என்பதையும், பல்லாண்டு உழைப்பினால் அவர் உடல் அப்பளுவுக்குப் பழகியிருந்தது என்பதையும் அவர்கள் நோக்கவில்லை. எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டனர். ஹங்கேரி நாட்டுப் பயிற்றுநர் மிகாலி இக்லோய் இம்முறையை மேலும் ஒருபடி கொண்டுசென்று, நாளுக்கு இருமுறையும் இடைவேளைப் பயிற்சி அளித்தார். 1955ஆம் ஆண்டில் அவர் மாணவரான இஹாரோஸ், தாபோரி, றோசாவோல்கி ஆகியோர் உலக சாதனைகள் பலவற்றை நிலைநாட்டினர். எனவே இக்லோயின் முறை பயனற்றதெனக் கூற ஒண்ணாது. ஆனால் அவர் களத்தருகே நின்று, ஒவ்வொருவனின் நடையையும் முகத்தையும் பார்த்து, அடுத்த ஓட்டம் எத்தன்மையதென அவ்வப்போது தீர்மானித்தார். அந்தக் கண் இல்லாதவர் அந்த எண்ணிக்கையை மட்டும் பின்பற்றுவது கெரேனஸின் பயிற்றுநன் செய்ததற்கு ஒப்பாகும்.

பேரிடைவேளையின் பயன் தற்செயலாக வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்று 1954இன் இளவேனிற் காலத்தில் நிகழ்ந்தது. இலண்டனில் மருத்துவ மாணவராயிருந்த றொஜர் பானிஸ்ரர் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓட முயன்றுகொண்டிருந்தார். பயிற்றுநர் பிரான்ஸ் ஸ்ராம்ப்ளின் ஆலோசனையை ஒட்டி அவரும் நண்பரும் பத்துமுறை கால் மைல் ஓடுவதும், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நிமிடம் இளைப்பாறுவதுமாகப் பயின்றனர். கால் மைலுக்குரிய நேரம் குளிர்காலம் முழுவதும் படிப்படியாகக் குறைந்து 61 செக்கனில் வந்து நின்றுவிட்டது. நான்கு நிமிட மைலுக்கு 60இலும் குறைதல் வேண்டும். எவ்வளவு முயன்றும் அந்த ஒரு செக்கன் குறையவில்லை. மேலும் கடுமையாகப் பயில்வதே இயல்பான முடிவாயிருந்திருக்கும். பானிஸ்ரரோ நண்பர் கிறிஸ் பிறாஷரோடு ஓட்டத்தை விட்டு ஸ்கொத்லாந்துக்குச் சென்று சில நாள் மலையேறினார். திரும்பி வந்து ஓடியபோது பத்துக் கால் மைல்களும் 59 செக்கனில் முடிந்தன. சில வாரங்களின் பின், மே மாதம் 6ஆந் தேதி, ஒக்ஸ்போட்டில் அவர் 3 நிமிடம் 59.4 செக்கனில் மைலை ஓடினார்.

மலையேற்றம் ஓய்வாகுமா என வினவலாம். கால்களுக்கு அது ஓய்வன்று. ஆனால் கடும் வேகத்தினின்றும் ஓய்வு. ஒரு மருத்துவ மாணவர், அதிலும் உடற்றொழிலியலில் ஆராய்ச்சி செய்தவர், தம் உடலில் நிகழ்ந்த இதனை வெறும் அதிட்டம் எனக் கருதியிருக்கமாட்டார் என்றே யாம் எண்ணுகின்றோம்.

அடுத்த பத்தாண்டில் பயிற்றுநர் பலர் நாள்தோறுங் கடும் பயிற்சி என்னும் கொள்கையை விட்டு விலகலாயினர். நியூசிலாந்தின் ஆதர் லிடியாட் வாரத்துக்கு 100 மைல் நிதானமாக ஓடுவித்து அடிப்படையை இட்டபின், போட்டிக்கு முந்திய சில வாரங்களுக்கு மட்டும் இடைவேளைப் பயிற்சியை வைத்தார். அவருடைய மாணவர் பீற்றர் ஸ்னெல்லும் மறே ஹல்பேர்க்கும் 1960இல் உரோமாபுரியில் ஒரே நாளிலே தங்கம் வென்றனர். ஐக்கிய அமெரிக்காவில் ஒறிகன் பல்கலைக்கழகத்துப் பயிற்றுநர் பில் பவர்மன் ஒருநாட் கடுமை, மறுநாள் எளிமை என்பதை விதியாகவே வகுத்தார்.

அதே 1960இல், களத்துக்கு வெளியே, சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரத்து ஆய்வுகூடத்தில் ஓர் அரிய பரிசோதனை நிகழ்ந்தது. ஒஸ்ட்ரண்ட், கிறிஸ்தென்சன் முதலிய உடற்றொழிலியலார், இடையறாது மிதித்தாற் பத்து நிமிடத்துக்குள் ஒருவனைக் களைத்து வீழ்த்தக்கூடிய பளுவை மிதிவண்டிப் பொறியில் வைத்தனர். பின்னர் அதே பளுவை இடைவேளையுடன் ஒரு மணி நேரம் செய்வித்தனர். மூன்று நிமிடம் வேலை, மூன்று நிமிடம் ஓய்வு எனச் செய்தபோது அவன் முற்றாகக் களைத்தான். இரத்தத்தில் இலற்றிக் அமிலம் மிகுந்தது. அரை நிமிடம் வேலை, அரை நிமிடம் ஓய்வு எனச் செய்தபோது அதே ஒரு மணி நேரத்தில் அதே அளவு வேலையை எளிதாக முடித்தான். அமிலமும் சிறிதே உயர்ந்தது. வேலையின் மொத்தமும் ஒன்றே. ஓய்வின் மொத்தமும் ஒன்றே. அவை பகுக்கப்பட்ட முறை மட்டுமே வேறு. உழைப்பைக் கூட்டாமலும் குறைக்காமலும், ஓய்வை இடமறிந்து வைப்பதனால் மட்டும் உடலின் நிலை இத்துணை மாறும் என்பதைக் காட்டிய இப்பரிசோதனை எம் உயர்தர வகுப்பு மாணவர் அறிந்திருக்கவேண்டிய ஒன்று.

பேரிடைவேளைக்கு வருவோம். யப்பானிய அறிஞர் இசூமி தபாத்தாவும் அவர்தம் கூட்டத்தினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பரவியது. 20 செக்கன் மிகக் கடிய மிதிப்பு, 10 செக்கன் ஓய்வு. இவ்வாறு ஏழெட்டு முறை. மொத்தம் நான்கு நிமிடம். ஆறு வாரத்திலே ஒட்சிசனை உள்ளெடுக்கும் உச்ச அளவு உயர்ந்ததோடு, ஒட்சிசனின்றி உழைக்குந் திறனும் நூற்றுக்கு 28 வீதம் உயர்ந்தது. இதனைப் படித்தோர் நான்கு நிமிடத்தை நினைவிற் கொண்டனர், ஏனையவற்றை மறந்தனர். அப்பயிற்சி வாரத்தில் ஐந்து நாள் செய்யப்பட்டது உண்மையே. ஆனால் செய்தவர் உடற்பயிற்சிக் கல்வி கற்ற திடகாத்திரமான இளைஞர். காலம் ஆறு வாரம் மட்டும். ஐந்தாம் நாட் பயிற்சி அரைமணி நேர நிதான மிதிப்பும் அதன்பின் நான்கே நான்கு கடிய மிதிப்புகளுமாக வேறுபட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றியபின்னரே கடும் பகுதி தொடங்கியது. சற்றோபெக்கின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்ட அதே பிழை இங்கும் நிகழ்ந்தது.

கனடாவிலே மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் மாட்டின் கிபாலாவின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான வழியிற் சென்றது. 30 செக்கன் முழு வேகம், நான்கு நிமிட ஓய்வு. இவ்வாறு நான்கு முதல் ஏழு முறை. இரண்டு வாரத்தில் ஆறே ஆறு நாள். குறித்த பளுவில் 26 நிமிடம் தாக்குப்பிடித்தவர் அதன்பின் 51 நிமிடம் தாக்குப்பிடித்தனர். ஒவ்வொரு பயிற்சிக்கும் இடையே ஒரு நாளோ இருநாளோ ஓய்வாயிருந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

எனினும் எமது வினாவுக்கு நேராக விடை கண்டவர் நோர்வே நாட்டினர். 2014இல் வெளியான அவர்கள் ஆய்வு மிக எளிய அமைப்புடையது. இரு கூட்டத்தாருக்கும் 24 பயிற்சிகள். ஒவ்வொன்றும் நான்கு நிமிடக் கடும் உழைப்பு நான்குமுறை. ஒரு கூட்டத்தார் வாரத்துக்கு மூன்று வீதம் எட்டு வாரத்தில் முடித்தனர். மற்றையோர் வாரத்துக்கு எட்டு வீதம் மூன்றே வாரத்தில் முடித்தனர். முதற் கூட்டத்தாரின் ஒட்சிசன் உள்ளெடுப்பு வாரந்தோறும் சீராக வளர்ந்து நூற்றுக்கு 10 வீதத்துக்குச் சற்று மேல் உயர்ந்தது. மற்றையோருக்கோ பயிற்சி நிகழ்ந்த மூன்று வாரத்திலும் எவ்வித வளர்ச்சியும் காணப்படவில்லை. பயிற்சி முடிந்து அவர்கள் ஓய்ந்திருந்தபோதுதான் வளர்ச்சி தோன்றியது. பன்னிரண்டாம் நாளளவில் அது உச்சத்தை அடைந்தபோதும் முதற் கூட்டத்தாரின் அளவை எட்டவில்லை. உழைப்புச் சமம், இழப்புப் பேரிடைவேளையைப் பறித்ததனால் வந்தது.

இதன் உட்காரணத்தை 2021இல் ஸ்ரொக்ஹோம் அறிஞர் ஆராய்ந்தனர். நல்ல உடல்நலமுடையோர் சிலருக்கு வாரந்தோறும் கடும் பயிற்சியை ஏற்றிச் சென்றனர்: முதல் வாரம் 36 நிமிடம், இரண்டாம் வாரம் 90 நிமிடம், மூன்றாம் வாரம் 152 நிமிடம். இவை கடிய பகுதியின் நிமிடங்கள் மட்டுமே. மூன்றாம் வாரத்தில் ஏறக்குறைய நாள்தோறும் பயிற்சி நிகழ்ந்தது. இரண்டாம் வாரம்வரை யாவும் நன்றாகவே சென்றன. மூன்றாம் வாரத்தின் பின் தசைக் கலங்களில் சக்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகளின் தொழிற்பாடு நூற்றுக்கு 40 வீதம் அளவுக்கு வீழ்ந்தது. இரத்தத்திலுள்ள வெல்லத்தை உடல் கையாளுந் திறனும் கெட்டது. பயிற்சியைக் குறைத்து ஒரு வாரம் சென்றபின்னரும் யாவும் பழைய நிலைக்கு முற்றாக மீளவில்லை. நலம் தேடிச் செய்த காரியம் நலத்தின் வேரையே அரித்தது என்பது வெறும் அணியுரையன்று. தசையினின்றும் எடுத்த சிறு துணுக்கிற் கண்ட அளவு.

முதியோரைப் பற்றியும் ஒரு சொல். நோர்வேயின் துறொண்ட்ஹைம் நகரில் 70 முதல் 77 வயதுவரையான 1567 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். ஒரு பகுதியினர் வாரத்துக்கு இரண்டு நாள் தீவிர இடைவேளைப் பயிற்சி செய்தனர். இன்னொரு பகுதியினர் இரண்டு நாள் நிதானமான பயிற்சி செய்தனர். ஏனையோர் அந்நாட்டுப் பொது அறிவுரைப்படி நடந்தனர். 2020இல் முடிவு வெளியாயிற்று. கடும் பயிற்சியாளருள் இறந்தோர் நூற்றுக்கு 3 வீதம்; நிதானப் பயிற்சியாளருள் 5.9; பொது அறிவுரைப்படி நடந்தோருள் 4.7. இவ்வேறுபாடுகள் தற்செயலாலும் நேரக்கூடியன எனக் கணிதம் கூறுவதால் இதனை வெற்றி முரசாக அறைதல் தகாது. ஆனால் எழுபது வயதைக் கடந்தோரும் வாரத்துக்கு இரண்டு நாள் என்னும் அளவில் இப்பயிற்சியை ஐந்தாண்டு தாங்கினர் என்பது தெளிவு. இதயநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடங்குதல் கூடாது.

ஆகவே வாரத்துக்கு இரண்டு நாள். நன்கு பயின்றவனுக்கு மூன்று நாள். இரு கடும் நாட்கள் அடுத்தடுத்து வாராமை. இதற்கு மேற் செல்வோர் உளர். அவர்கள் நாள்தோறும் பல மணி நேரம் பயிலும் உலகப் புகழ் வீரர். அவர்கள் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்ரீபன் செய்லர் என்பார், அவர்களும் பத்துப் பயிற்சியில் ஏறக்குறைய எட்டை எளிதாகவும் இரண்டை மட்டுமே கடிதாகவும் செய்கின்றனர் எனக் கண்டார். அவர்கள் கூட்டுவது பெரும்பாலும் எளிய ஓட்டத்தையே.

எமது பாடசாலைகள் பலவற்றிலே தை, மாசி மாதங்களிற் காணும் வழக்கம் இதற்கு நேர்மாறானது. ஆண்டு முழுவதும் ஓடாத மாணவன் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் நாள்தோறும் மாலையில் முழு வேகத்தில் ஓடுவிக்கப்படுகின்றான். நோர்வேயின் இரண்டாங் கூட்டத்தார் பட்ட பாட்டையே அவனும் படுகின்றான். அவனுக்குரிய வளர்ச்சி, அது வருமாயின், போட்டி முடிந்து, பந்தல் பிரித்து, வெற்றிக் கேடயம் அலுமாரியில் ஏறிய பின்னரே வரும். மூன்று வாரமே உண்டெனின், செவ்வாயும் வெள்ளியும் கடும் பயிற்சிக்கு விட்டு, ஏனைய நாட்களில் மெல்லோட்டமும் கோல் மாற்றும் பழக்கமும் போதுமானவை. போட்டி வாரத்தில் வெள்ளியையும் விட்டுவிடலாம்.

ஆய்வுகூடம் எம்மிடம் இல்லை. ஆனால் கெர்ஷ்லர் பயன்படுத்திய கருவி எல்லோரிடமும் உண்டு. ஓட்டம் முடிந்து ஒன்றரை நிமிடம் சென்றதும் மாணவன் தன் மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து செக்கன் நாடியை எண்ணட்டும்; நான்காற் பெருக்கட்டும். வயதுக்கும் ஆளுக்கும் ஏற்ப அளவு சிறிது வேறுபடும். சில நாட் பழகினால் தன் அளவை அவனே அறிவான். 120ஐ ஒட்டி இறங்கியிருப்பின் அடுத்த ஓட்டத்துக்குக் கோட்டில் நிற்கட்டும். மூன்றாம் ஓட்டத்திலேயே இறங்க மறுப்பின், அட்டவணையில் இன்னும் ஐந்து ஓட்டம் எழுதியிருந்தாலும், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.